படத்தில் இல்லாத நீலச் செருப்பு

“தீ ஒத்திகைப் பதிவேட்டை எடுங்க சார்.”

கேட்டேவிட்டேன்.

காலையில் கிளம்பும்போது எங்கள் துப்பறியும் ஏஜென்சியின் முதலாளி விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். “சாவியை எடுத்தது யாருன்னு மட்டும் கண்டுபிடி. யாரை வேணா கேளு, எதை வேணா கேளு. ஒத்திகைப் பதிவேட்டை மட்டும் கேக்காதே. அது கம்பெனியோட உள் விவகாரம். நமக்கு வேலை கொடுத்தவங்களே அவங்கதான்.”

தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன். தலையாட்டுவது வேறு, கேட்காமல் இருப்பது வேறு.

பாதுகாப்பு அதிகாரி பேனாவை மூடினார். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் ஏழு கேடயங்கள் வரிசையாக நின்றன. ‘விபத்தில்லா ஆண்டு’, ‘சிறந்த பாதுகாப்புப் பிரிவு’. ஒன்பது நாள் முன்பு இதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு பெண் புகையில் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். ஒரு கேடயத்தைக்கூட யாரும் இறக்கி வைக்கவில்லை. துடைத்து வேறு வைத்திருந்தார்கள்.

“உங்க சார் இதைப் பத்தி என்கிட்ட சொல்லலையே?” என்றார்.

“என்கிட்டயும் சொல்லலை. நானா கேக்கறேன்.”

“சாவி விஷயமாத்தானே வந்தீங்க?”

“தீப்பிடிச்ச அன்னிக்குச் சாவி இல்ல. ஒத்திகை அன்னிக்கு இருந்துச்சான்னு தெரிய வேண்டாமா?”

“அதெல்லாம் உள் ஆவணம்மா.”

அந்த ‘ம்மா’ எனக்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் குடை தொண்டையைச் செருமினார்.

குடை என் உதவியாளர். ஐம்பத்து மூன்று வயது. வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் அதுவே பெயராகிவிட்டது. முன்பு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். என்னைவிட இருபத்தேழு வயது மூத்தவர், என்னை மேடம் என்பார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

“விடுங்க மேடம்,” என்றார் குடை. “பதிவேடே கிடையாதுன்னு ஒரு வரி எழுதிக்கிட்டுப் போயிடலாம். இல்லாததை எடுக்கச் சொன்னா சார் எங்க போவார், பாவம்.”

“கிடையாதா?” பாதுகாப்பு அதிகாரியின் காது சிவந்தது. “யாருய்யா சொன்னது கிடையாதுன்னு?”

இரும்பு பீரோ திறந்தது. தடித்த அட்டை, பச்சை நாடா, பக்கத்துக்குப் பக்கம் எண். பொய்யைக் கசங்கிய தாளில் வைத்திருப்பவன் ஒளிப்பான். அட்டை போட்டு, எண் இட்டு வைத்திருப்பவன், யாராவது பார்க்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பான்.

ஒன்றரை வருஷத்தில் மூன்று ஒத்திகைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய வண்ணப் படம். ‘கூடும் இடம்’ என்ற பச்சைப் பலகைக்குப் பக்கத்தில், மரத்தடியில், வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்ட அறுபத்திரண்டு பெண்கள் நான்கு வரிசையில் நின்றார்கள். படத்துக்குக் கீழே அழகான கையெழுத்து. ‘பின்பக்க அவசரக் கதவு திறந்த நேரம்: இருபது வினாடி. அனைவரும் அக்கதவு வழியே வெளியேறிய நேரம்: இரண்டு நிமிடம் பத்து வினாடி.’

குடை மூன்று பக்கங்களையும் புரட்டினார். “மூணு தடவையும் ரெண்டு நிமிஷம் பத்து வினாடியா? கடிகாரமே சில நாள் தப்பா ஓடுது சார்.”

“பயிற்சி! எல்லாம் பயிற்சி!”

“படம் எடுத்துக்கறேன் சார். பயிற்சி பண்ணணும், எனக்கும்தான்.”

செல்போனில் ஒவ்வொரு பக்கமாக எடுத்தார். கடைசிப் பக்கத்தில் அவர் கை நின்றது. ஒரு வினாடி. பிறகு அதையும் எடுத்துவிட்டு, பதிவேட்டை மூடி, பச்சை நாடாவைக் கட்டிக்கூடக் கொடுத்தார்.

என் போன் அடித்தது. முதலாளி. அதற்குள் செய்தி போய்விட்டதா? துண்டித்தேன்.

“உங்க சாரா?” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

“ராங் நம்பர்,” என்றேன்.

*

அது மாத்திரைகளை அட்டையிலும் டப்பாவிலும் அடைக்கும் கம்பெனி. இரண்டாவது மாடி முழுக்க ஒரே கூடம். முன்கோடியில் படிக்கட்டு, அதன் அருகே மின்பெட்டி. தீ அங்கேதான் பிடித்தது. பின்கோடியில் அவசரக் கதவு. அது பூட்டியிருந்தது. சாவி இருக்கவேண்டிய சிவப்புப் பெட்டியை உடைத்தார்கள். பெட்டி காலி. கடைசியில் மெஷின் மெக்கானிக் ஒருவர் கடப்பாரையால் கதவின் கீலைப் பெயர்த்தார். அறுபத்தொரு பேர் தப்பினார்கள்.

சாவிக்குப் பொறுப்பு அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளர். எல்லோரும் அவளை ‘வரிசை அக்கா’ என்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் பின்வழியாகப் போய்வர அவள்தான் சாவியை எடுத்தாள் என்பது கம்பெனி சொல்லும் கதை. அதை எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். ‘என் கவனக்குறைவால் சாவியைத் தொலைத்துவிட்டேன்.’ மாலை நான்கு மணிக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு எங்கள் அறிக்கையும் சேர்ந்து தீ விசாரணை அதிகாரியிடம் போகும். அதன் பிறகு அவளுக்குப் போலீஸ் ஜீப்.

மணி பன்னிரண்டரை.

கூடத்துக்குள் இன்னும் கருகிய வாடை. நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு இரும்பு ரேக். அறுபத்திரண்டு அறை, ஒவ்வொன்றுக்கும் எண். தீயில் வளைந்து கிடந்தது. மேலே சுவரில், கரிக்கு நடுவிலும் எழுத்து தெரிந்தது. ‘வெளிச் செருப்பு உள்ளே வரக்கூடாது. நீலச் செருப்பு வெளியே போகக்கூடாது.’

எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் அம்மா இதே மாதிரி ஒரு கூடத்தில் பதினெட்டு வருஷம் டப்பா ஒட்டினாள். காலையில் வந்ததும் சொந்தச் செருப்பை ரேக்கில் வைத்துவிட்டு, கம்பெனியின் நீல ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். போகும்போது மாற்ற வேண்டும். மறந்து நீலச் செருப்போடு வாசலைத் தாண்டிவிட்டால் மேஸ்திரி அறுபது பேர் முன்னால் நிற்க வைத்துத் திட்டுவான். அப்படித் திட்டு வாங்கிப் படிக்க வைத்த பெண் நான். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்த கால் இது.

பின்கோடிக்குப் போனோம். இந்தப் பக்கம் தீ வரவில்லை, புகை மட்டும்தான். சிவப்புப் பெட்டி சுவரில் தொங்கியது. அதன் முகப்பில் சின்னக் கண்ணாடி இருந்திருக்கிறது. ஆனால் கண்ணாடி முழுக்க ‘அவசரத்தில் உடைக்கவும்’ என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். உடைந்த துண்டுகள் இன்னும் அந்த ஸ்டிக்கரில் ஒட்டிக்கொண்டு ஆடின.

“உள்ளே சாவி இருக்கா இல்லையான்னு உடைக்காம யாருக்கும் தெரியாது,” என்றேன். “இருக்குன்னு நம்ப வேண்டியதுதான். சரிதானே அண்ணே?”

“ம்,” என்றார் குடை.

‘ம்’மா? இந்த மனிதர் சாவு வீட்டில்கூட ஒரு ஜோக் அடித்துவிட்டுத்தான் மாலை போடுவார்.

பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மரப்பலகை. பலகையில் ஒரு கொக்கி. எல்லோரும் சாவி இல்லை என்பதைப் பார்த்தார்கள், கொக்கியை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கொக்கியையும் பலகையையும் சேர்த்துக் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் நாடா, இன்னும் பிரிக்காமல், இறுக்கமாக அப்படியே இருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தேன். நகமே நுழையவில்லை.

“அண்ணே, நாடாவை அறுக்காம இதுல சாவியை மாட்ட முடியுமா?”

“ஒரு தலைமுடியைக்கூட மாட்ட முடியாது.”

“அப்ப வரிசை அக்கா சாவியை எடுக்கலை. எடுக்க அங்க சாவியே இருந்ததில்லை. பெட்டியை வாங்கின நாள்லேருந்து.”

குடை படம் எடுத்தார். பக்கத்திலிருந்து ஒன்று, நேராக ஒன்று.

“என்ன அண்ணே, வாயில பூட்டா?”

“அப்புறம் சொல்றேன் மேடம். முதல்ல அந்தப் பொண்ணைப் பார்ப்போம்.”

*

வரிசை அக்காவைக் காவலாளி அறைக்குப் பக்கத்தில், காலி டப்பாக்கள் போட்டு வைக்கும் இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு துணிப்பை. முன்னால் டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

“நீங்களும் சாவி எங்கேன்னுதானே கேக்கப் போறீங்க?” என்றாள்.

“இல்லக்கா. செத்துப்போனது உங்களுக்கு யாரு?”

நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது நாளாக யாரும் கேட்காத கேள்வி போல.

“என் நாத்தனார். வீட்டுக்காரரோட கூடப் பிறந்த தங்கச்சி. நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.” குரல் உடையவில்லை, காய்ந்திருந்தது. “என் தங்கச்சியைப் பூட்டி வச்சுக் கொன்னவ கையால இனிமே தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டார். கூட வேலை செய்யற பொண்ணு வீட்டுலதான் இருக்கேன். நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டா அதுவும் முடிஞ்சுது.”

“நீங்க சாவியை எடுத்தீங்களா?”

“எடுக்கலை. ஆனா பெட்டியில இருக்கான்னு ஒரு நாளும் பார்க்கலை. அதுவும் தப்புதானே?”

“பார்க்க முடியாதபடிதான் வச்சிருந்தாங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“புகை வந்ததும் நான் பின்கதவுக்கு ஓடினேன். எல்லாரும் என் பின்னாடி வராங்கன்னு நினைச்சேன். கதவைத் தட்டினேன், உதைச்சேன். அவ என் பக்கத்துலதான் இருப்பான்னு…” நிறுத்தினாள். “கதவு திறக்கலைன்னுதான் அவ திரும்பி முன்பக்கம் ஓடியிருக்கணும். அங்கதான் கிடந்தா.”

துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். “ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க. அவ மேல இருந்தது.” ஒரு கம்மல் ஜோடி. ஒரு கைக்கடிகாரம். பழுப்பு நிறத்தில், வார் போட்ட ஒரு செருப்பு. ஒன்றே ஒன்று.

“இது யாரோடது?”

“அவளோடதுதான். போன மாசம் வாங்கினது.”

“இது கால்லயா இருந்துச்சு?”

“வலது கால்ல. இன்னொரு கால்ல ஒண்ணும் இல்லையாம்.”

அந்தச் செருப்பை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

“அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கூடத்துக்குள்ள சொந்தச் செருப்பு ஏது? நீலச் செருப்புதானே இருக்கணும்?”

அவள் செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஒத்திகைன்னா உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?”

“முதல் நாளே சொல்லிடுவாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு மணியடிக்கும், படம் எடுப்பாங்க, தொப்பி சுத்தமா இருக்கணும்னு. மணியடிச்சதும் முன்வாசலுக்குப் போய், நீலச் செருப்பைக் கழட்டிட்டு, சொந்தச் செருப்பை மாட்டிக்கிட்டு, வரிசையா முன்படி இறங்கி மரத்தடியில நிக்கணும்.” மெதுவாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. “நீலச் செருப்போட மண்ணுல நின்னா திட்டுவாங்க.”

“பின்கதவு?”

“அதைத் திறந்து நான் பார்த்ததே இல்ல. அந்தப் பக்கம் படியெல்லாம் அட்டைப் பெட்டிக் கட்டு. வெளியிலேருந்து யாராவது ஏறி மாத்திரை திருடிடுவாங்கன்னு சாவியைப் பாதுகாப்பு அதிகாரி கையிலேயே வச்சிருக்கார்னு பேசிப்பாங்க.”

“இதை ஏன் யாருகிட்டயும் சொல்லலை?”

“யாரும் கேக்கலையே! சாவி எங்கே, சாவி எங்கேன்னுதானே கேட்டாங்க. அதோட ஒத்திகை நல்லா நடந்துச்சுன்னு நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

குடை தன் போனை நீட்டினார். ஒத்திகைப் படம். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். முகங்கள் மேலே நழுவின, கால்கள் வந்தன. கறுப்புச் செருப்பு, சிவப்புச் செருப்பு, பூப்போட்ட செருப்பு, பிய்ந்து ஊக்கு குத்திய செருப்பு. அறுபத்திரண்டு ஜோடிக் கால்கள். நீலம் ஒன்றுகூட இல்லை. அடுத்த படம். இல்லை. மூன்றாவது. இல்லை.

பின்கதவு வழியாக இரண்டு நிமிடம் பத்து வினாடியில் வெளியேறியவர்கள், முன்கோடி ரேக்கில் இருக்கும் சொந்தச் செருப்பை எப்போது மாட்டினார்கள்?

“அக்கா,” என்றேன். “உங்க நாத்தனார் பின்கதவுக்கு வரவே இல்ல. மணியடிச்சதும் பழக்கப்படி செருப்பு மாத்த ரேக்குக்கு ஓடியிருக்கா. தீ இருந்த பக்கத்துக்கு. ஒரு செருப்பை மாட்டிட்டா. அடுத்ததை மாட்ட முடியலை. நீங்க பூட்டி வைக்கலை. இவங்க மூணு தடவை சொல்லிக்கொடுத்ததை அவ ஒழுங்காச் செஞ்சிருக்கா.”

வரிசை அக்கா அந்த ஒற்றைச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

“யார் வந்து கேட்டாலும் அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடாதீங்க,” என்றேன். “இந்தச் செருப்பையும் யாருகிட்டயும் கொடுக்காதீங்க.”

வெளியே வந்ததும் குடை குடையை விரித்தார். வெயில் என்னவோ இல்லை.

“மேடம், பதிவேட்டுல கடைசிப் பக்கம் பார்த்தீங்களா?”

“இல்ல.”

“வெளிச் சாட்சின்னு ஒரு பக்கம். ஒத்திகையை வெளியாள் ஒருத்தர் நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போடணும்னு விதி.” போனைக் கொடுத்தார். “நான் படிச்சுச் சொல்ல மாட்டேன். நீங்களே படிச்சுக்குங்க.”

‘பின்கதவு திறந்ததையும் அனைவரும் அதன் வழியே வெளியேறியதையும் நேரில் கண்டேன்.’ கீழே கையெழுத்து. மூன்று ஒத்திகைக்கும் அதே கையெழுத்து. நீளமான வால், வாலுக்கு அடியில் இரண்டு புள்ளி.

என் வேலை நியமனக் கடிதத்தில் இருப்பதும் அதே வால்தான், அதே இரண்டு புள்ளி. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அம்மா வீட்டில் மாட்டி வைத்திருக்கிறாள்.

மணி ஒன்றரை.

“இப்ப எங்க மேடம்?” என்றார் குடை. “ஆபீசுக்கா?”

நான் சொன்ன இடத்தைக் கேட்டதும் இரண்டு மணி நேரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். “அப்ப எனக்கும் புது வேலை தேடணும். பரவாயில்ல, குடை ரிப்பேர் பண்ணத் தெரியும்.”

*

மூன்று மணிக்கு முதலாளியின் அறையில் நின்றேன். எங்கள் ஏஜென்சி மூன்றாவது மாடியில் இருக்கிறது. அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“எட்டு தடவை போன் பண்ணினேன்.”

“பார்த்தேன் சார்.”

“என்ன கேக்காதேன்னேனோ அதையே கேட்டிருக்கே.”

“ஆமா சார். நீங்க ஏன் கேக்காதேன்னீங்கன்னு இப்பத்தான் புரிஞ்சுது.”

குடை எனக்கு அனுப்பியிருந்த சாட்சிப் பக்கத்தை என் போனில் திறந்து மேஜையில் வைத்தேன். அவர் தன் கையெழுத்தையே தெரியாதவருடையதைப் போலப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கீழ ரூம்ல டீ கொடுத்தாங்க. டீ குடிச்சு முடிக்கறப்ப பதிவேடு வந்துச்சு. போட்டேன். ஊர்ல எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா நடக்குது.”

“மாடி ஏறிப் பார்த்திருந்தா நாற்பது படி சார்.”

“எனக்கு மூட்டு வலி.”

ஒரு பெண்ணின் உயிருக்கும் அவளுடைய அண்ணியின் நல்ல பெயருக்கும் குறுக்கே நின்றது ஒரு கிழவரின் மூட்டு வலி.

“பாரு,” குரலைத் தழைத்தார். “அந்தப் பொண்ணைக் காப்பாத்தறது என் பொறுப்பு. பெரிய தண்டனை வராம பேசி முடிச்சுடறேன். நீ சாவி தொலைஞ்சதுன்னு மட்டும் எழுது. உன் பட்டத்தைத் தூக்கிக்கிட்டு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினே? எல்லாரும் கதவைச் சாத்தினாங்க. நான் திறந்தேன். மறந்துட்டியா?”

“மறக்கலை சார். சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அதனாலதான் உங்ககிட்ட நேர்ல சொல்ல வந்தேன். தபால்ல அனுப்பியிருக்கலாம்.”

“என்ன சொல்ல?”

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். தீ விசாரணை அலுவலகத்தின் வட்ட முத்திரை. பெற்றுக்கொண்ட நேரம், இரண்டு மணி பதினைந்து நிமிடம். கொக்கியின் படம் இரண்டு, ஒத்திகைப் படம் மூன்று, சாட்சிப் பக்கம் ஒன்று.

“அங்க போயிட்டுத்தான் இங்க வரேன். அதிகாரி இப்ப வரிசை அக்காகிட்ட வாக்குமூலம் வாங்கிட்டிருப்பார். குடை அண்ணன் அவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கார்.”

முதலாளி முத்திரையைப் பார்த்தார். கழற்றிய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது.

“இனிமே எவனும் உனக்கு வேலை கொடுக்க மாட்டான்.”

“தெரியும் சார்.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வைத்தேன். போனை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பியவள் நின்றேன்.

அறைக்கு வெளியே, பின்சுவரில், ‘வெளியேறும் வழி’ என்ற பலகை. அதற்குக் கீழே ஒரு கதவு. கதவை மறைத்து இடுப்பளவுக்குப் பழைய வழக்குக் கட்டுகள். இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். அதில் பாதி நானே அடுக்கியவை. என் மதியச் சாப்பாட்டுப் பையை அவற்றின் மேல்தான் வைப்பேன்.

துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டேன். முதல் கட்டை எடுத்து முதலாளியின் அறை வாசலில் வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது. தூசி மூக்கில் ஏறியது. அவர் எழுந்து வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்படி இருக்கே,” என்றார்.

பதினேழாவது கட்டை நகர்த்தியதும் தாழ்ப்பாள் தெரிந்தது. துரு ஏறிப்போயிருந்தது. இழுத்தேன், வரவில்லை. என் செருப்பைக் கழற்றி, அதன் குதியால் மூன்று தட்டுத் தட்டினேன். நான்காவது தட்டில் தாழ்ப்பாள் விட்டுக்கொடுத்தது. வெளிக்காற்று முகத்தில் அடித்தது.

செருப்பைக் கையில் பிடித்தபடியே பின்படியில் இறங்கினேன். கதவைச் சாத்தவில்லை.